எடைக்கு முன் போட்ட கையெழுத்து

12 ஜூன் 2025, வியாழன்

சாரல் நேற்றே தொடங்கிவிட்டது. கொடியில் கிடக்கும் துணி எதுவும் காயவில்லை.

ஷாம்பு கம்பெனியின் பதில் மதியத் தபாலில் வந்தது. குற்றால அருவிக்கரையில் சின்னப் பாக்கெட் விற்பதை நிறுத்துங்கள், விற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் நாற்பது பேர் மார்ச்சில் எழுதிய கடிதத்துக்கு. வழவழப்பான தாளில் இரண்டு பக்கம். நிறுத்துகிறோம் என்றும் இல்லை, நிறுத்தமாட்டோம் என்றும் இல்லை. 'உங்கள் அக்கறையே எங்கள் அக்கறை' மட்டும் மூன்று இடத்தில்.

விடை தெரியாத பிள்ளை கேள்வியையே அழகாகத் திரும்ப எழுதி வைக்கும். பாவம் என்று அரை மார்க் போடுவேன். இவர்களுக்கு அதுவும் கிடையாது.

16 ஜூன், திங்கள்

கம்பெனியிலிருந்து செந்தில்வேல் என்று ஒருவர் வந்தார். பச்சைச் சட்டை, அதில் ஓர் இலைப் படம்.

"நானும் நம்ம பக்கம்தான் டீச்சர், வாசுதேவநல்லூர்க்காரன். நம்ம அருவி, நம்ம பொறுப்புல்லா?"

கரையில் கிடக்கும் பாக்கெட்டுகளைப் பொறுக்கி எடை போடுவார்களாம். விற்ற பிளாஸ்டிக் அத்தனையையும் திரும்ப எடுத்தாயிற்று என்று சீசன் முடிவில் அறிவிப்பார்களாம். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு படிவம். ஒவ்வொன்றிலும் 'எடை என் முன்னிலையில் போடப்பட்டது' என்று ஊரில் மதிப்புள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

நாங்கள் முதலில் கேட்டது விற்பதை நிறுத்த. இவர்கள் தருவது பொறுக்குவது. இருந்தாலும் ஏதோ ஒன்று நடக்கட்டுமே என்று தோன்றியது. "வாரா வாரம் ஒங்கள அலைய விடக் கூடாதுல்லா" என்று படிவங்களை மொத்தமாக நீட்டினார். பன்னிரண்டிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். போகும்போது என்னை ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையில் எடுத்த இடியாப்பம் அப்படியே நின்றது.

"ஒண்ணும் எழுதாத தாள்லயா போட்ட?"

ஆமாம். பரீட்சை அறையில் விடைத்தாளின் முகப்பில், பிள்ளை ஒரு வரி எழுதுமுன்பே நான் கையெழுத்திட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அப்படியே போட்ட கை. வெற்றுத்தாள் என்பதே கண்ணில் படவில்லை.

20 ஜூன், வெள்ளி

முதல் எடையைப் பார்க்கப் போனேன். பொறுக்குவது பெர்சிஸ், அருவிக்கரைத் துப்புரவுப் பணியாளர். சாக்கைத் தராசில் மாட்டும்போதே தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஓடுகிறது. முப்பத்தெட்டு கிலோ.

"ஒதறிட்டுப் போடுதேன்னேன் டீச்சர். வேண்டாம், ஈரத்தோடயே போடுன்னுட்டாவ. மணலயும் எடுக்க விடல. அருவியையே எடை போட்டாலும் போடுவாவ."

பத்து கிலோவைப் பிரித்து வாங்கி வந்தேன்.

24 ஜூன், செவ்வாய்

மாடி அறையில் செய்தித்தாள் விரித்து, நான்கு நாள் மின்விசிறிக்கடியில் காயவைத்தேன். மணலைத் தட்டி எடை போட்டால் மூன்று கிலோ இருநூறு. மீதி சிற்றாற்றுத் தண்ணீரும் மணலும்.

வீடெல்லாம் ஷாம்பு வாடை. "ஏட்டி, எனக்குத் தலையில முடி இருந்தாலாவது பிரயோசனப்பட்டிருக்கும்" என்கிறார் இவர்.

25 ஜூன், புதன்

செந்தில்வேலுக்குப் போன் செய்தேன். குளித்து எழுந்தவனை ஈரத்துணியோடு தராசில் ஏற்றினால் அது அவன் எடையா என்று கேட்டேன்.

"காயவைக்கணும்னு எங்க நடைமுறையில எங்கயும் இல்ல மேடம்."

போன வாரம் டீச்சர். இந்த வாரம் மேடம்.

12 ஜூலை, சனி

எனக்குக் கண்புரை அறுவை முடிந்து நேற்று திருநெல்வேலியிலிருந்து வந்தோம். ஏழாம் தேதியிலிருந்து அங்கேதான். இன்று சொட்டு மருந்து வாங்கக் குற்றாலம் ரோட்டில் போனால் பெரிய விளம்பரப் பலகை. அதில் என் முகம். 'விற்றதைத் திரும்ப எடுக்கிறோம். சாட்சி: ஜுஹைனா டீச்சர்.' பலகையின் காலில் கயிறு கட்டி, அதே கம்பெனிப் பாக்கெட்டைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். புதுக் கண்ணுக்கு நல்ல காட்சி.

சாயங்காலம் பெர்சிஸ் வந்து, இந்த வாரப் படிவத்தைத் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். பத்தாம் தேதி. அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ. என் முன்னிலையில்.

"அன்னைக்குத் தண்ணி ஜாஸ்தின்னு ஒரு ஆளையும் குளிக்க விடல. நான் வீட்டுலல்லா இருந்தேன் டீச்சர். யாரு பொறுக்குனது?"

பத்தாம் தேதி நான் எங்கன இருந்தேன்? கண்ணக் கட்டிக்கிட்டுக் கட்டில்ல கெடந்தேன். ஆனா என் கை இங்கன வந்து கையெழுத்துப் போட்டுருக்கு. ஒரு பிள்ளை ஒரு மார்க்கைத் திருத்திக்கிட்டு வந்து நின்னா என்ன பாடு படுத்தியிருப்பேன் — இப்போ என் பேர்லயே. இன்னும் எட்டுத் தாள் அந்தச் செந்தில்வேல் கையில இருக்கு.

18 ஜூலை, வெள்ளி

கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மருத்துவமனைச் சீட்டின் நகல், காய்ந்த எடை, படிவங்களைத் திருப்பித் தாருங்கள் என்ற கோரிக்கை.

4 ஆகஸ்ட், திங்கள்

பதில்: 'தங்கள் கண் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.' கூடவே ஒரு வேப்பங்கன்று. பிளாஸ்டிக் தொட்டியில்.

8 ஆகஸ்ட், வெள்ளி

செந்தில்வேல் நேரிலேயே வந்தார். தேநீர் கொடுத்தேன். அதைத் தொடாமல் கேட்டார்.

"கையெழுத்து ஒங்களதுதானே டீச்சர்? நாங்க கையப் புடிச்சாப் போட வச்சோம்?"

"பத்தாந்தேதி எடை நான் பாக்காதது."

"அப்ப பாக்காம ஏன் போட்டீங்கன்னு ஊரு கேக்கும். எங்களக் கேக்காது. முப்பது வருஷத்துப் பேரு, எதுக்கு வீணா?"

அவர் போனபிறகு அந்தத் தேநீரை வாசலில் கொட்டினேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். முதல் வரியே, 'எடை பார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு.' அந்த வரி இல்லாவிட்டால் மற்ற வரிகள் நிற்காது.

10 செப்டம்பர், புதன்

பேப்பரில் அரைப் பக்கம். குற்றாலத்தில் விற்றதை எல்லாம் மீட்டுவிட்டார்களாம். பன்னிரண்டு வாரம், ஏழு டன். பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பள்ளிவாசல் தெருவில் ஒரு பழைய மாணவியின் அம்மா கேட்டாள்: "டீச்சர், நெசமாவே ஏழு டன்னா?" இல்லை என்றேன். பிறகு நின்று முழுவதையும் சொன்னேன். பெட்டிக்கடைப் பாக்கெட் ஒன்றை வாங்கி நனைத்தே காட்டினேன். இனி கேட்பவர்கள் எல்லோருக்கும் சொல்வேன்.

19 செப்டம்பர், வெள்ளி

மனுவுக்குப் பதில். கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். காய்ந்த எடைக்கு என்னிடம் தொடர்ச்சியான பதிவு இருந்தால் தரச் சொல்கிறார்கள். ஒரே ஒரு பத்து கிலோவைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

பெர்சிஸ் இரண்டு சாக்கோடு வந்தாள். ஒரு வாரம் அருவிக்கரையில் பொறுக்கியது. தன் வீட்டு அடுப்பங்கரையில் காயவைத்திருக்கிறாள்.

"கம்பெனி போயிட்டு. பாக்கெட்டு போவலையே டீச்சர்."

மளிகைக்கடைத் தராசை இவர் போய்த் தூக்கிவந்தார். புது நோட்டில் கோடு போட்டேன்.

"எல்லாப் பக்கத்துலயும் இப்பமே கையெழுத்துப் போட்டுத் தந்துருங்களேன். வாரா வாரம் நான் எழுதிக்கிடுதேன்" என்றாள் பெர்சிஸ். சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பது கிலோ நானூறு. முதலில் பெர்சிஸ் எடையை எழுதினாள். பிறகு தேதியை எழுதினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முள்ளை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கினேன்.