மேல்மாடி அறையின் அளவுகள்

லீட்ஸ்
14 அக்டோபர் 2018

அன்புள்ள கிளைவ்,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் நீ "ம்" என்கிறாய், நானும் "ம்" என்கிறேன், பிறகு இருவரும் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

கல்லூரியில் முதல் நாளே ஒரு பெண் என்னிடம் வந்து, "மிஸ், கிளாஸ் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள். நானும் உன்னைப் போல மாணவிதான் என்றதும் பாவம், சிவந்துபோனாள். என்னைப் போலப் பதினாறு வயதில் பள்ளியை விட்டவளை நேராகப் பட்டப்படிப்பில் சேர்க்க மாட்டார்களாம். இந்த அடிப்படை ஆண்டில் தேறினால்தான் உள்ளக வடிவமைப்பின் முதல் வருடம்.

பெரிய வேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சொந்த வீட்டில் ஓர் அறையை அளந்து வரைந்து, அதை வேறொருவர் புழங்கும்படி மாற்றிக் காட்ட வேண்டும். நான் நம் லூயிஸின் அறை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. பிள்ளை போய் இரண்டு வருடமாக அந்தக் கதவு மூடிக் கிடக்கிறது. கிளம்பும்போது சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். அந்தக் கதவு திறக்காத வீட்டுக்கு என்னால் திரும்பி வர முடியாது. கொஞ்சம் அளந்து அனுப்பு. முப்பது வருடமாக ஊரார் வீட்டுத் தரையெல்லாம் அளந்து கம்பளம் விரிக்கிறவனுக்கு இது பத்து நிமிட வேலை.

அன்புடன்,
கேனர்

*

ஆக்ரிங்டன்
21 அக்டோபர்

அன்புள்ள கேனர்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் டெரெக்கிடம் உன் படிப்பைப் பற்றிச் சொன்னேன். "சோபாவ எங்க போடணும்னு கத்துக்க நாலு வருஷமா? என் பொண்டாட்டி தெனமும் சும்மாவே சொல்றாளேப்பா!" என்றான். நானும் சிரித்து வைத்தேன்.

அளவுகள் இதோ. அகலம் மூன்று மீட்டர் அறுபது. நீளம் மூன்று நாற்பது. துருத்திக்கொண்டு நிற்கும் கணப்புச் சுவரின் அகலம் ஒன்று அறுபது. அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் இடுக்கு.

மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து நீ சுட்டு வைத்துப் போன பை எல்லாம் தீர்ந்தது. மழை நிற்கவில்லை. வேறு விசேஷம் இல்லை.

கிளைவ்

*

லீட்ஸ்
2 நவம்பர்

அன்புள்ள கிளைவ்,

நீ அனுப்பிய அளவை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஆசிரியை பார்த்தவுடனே, "கேனர், இது மாடி ரூம் இல்லையே. இவ்ளோ அகலமான கணப்புச் சுவர் கீழ்த்தளத்துலதான் இருக்கும். யாரு அளந்தது?" என்றாள். என் வீட்டுக்காரர் தப்பாக அளக்கவே மாட்டார் என்று உனக்காக வாதாடினேன்.

பிறகு லூயிஸின் மேசையை வரையப் போனேன். ஒன்று பதினைந்து நீளம். அந்த இடுக்குக்கென்றே நீ அறுத்துச் செய்தது. நீ அனுப்பிய ஒரு மீட்டருக்குள் அது நுழையவில்லை. நீ மாடிக்கே போகவில்லை, கிளைவ். நம் முன்னறை அவன் அறைக்கு நேர் கீழே இருக்கிறது, சுவர்கள் ஒன்றுதானே என்று கீழேயே அளந்துவிட்டாய். என்னை ஏமாற்ற உனக்கு மனம் வந்ததே என்று முதலில் ஆத்திரம். இப்போது அதுவும் இல்லை. வெறுமையாக இருக்கிறது.

முப்பதாம் தேதி வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். வேறு அறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் மாற்றப் போவதில்லை. உன்னால் முடியாது என்றால், முடியாது என்று எழுது. எனக்கும் தெரிந்துபோகும்.

கேனர்

*

ஆக்ரிங்டன்
9 நவம்பர்

அன்புள்ள கேனர்,

உண்மைதான். கீழே அளந்தேன். மாடிப்படி வரை டேப்பைக் கொண்டுபோய்த் திரும்பினேன், மூன்று முறை. எழுதியபோது வெட்கமாகக்கூட இல்லை.

நேற்று வேலை விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். கதவைத் திறந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய பூட்ஸ், தலையணை, சுவரில் கால்பந்து அட்டவணை எல்லாம் இருந்தன. பார்த்தேன். வாடிக்கையாளர் வீட்டில் நிற்பது போல நின்றேன். அழுகை வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் என்ன தகப்பன், கேனர்?

கணப்புச் சுவர் ஒன்று இருபது. இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒன்று இருபது. தரையிலிருந்து சன்னல் வரை எண்பது சென்டிமீட்டர். இது நிஜ அளவு.

மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்கவில்லை. பழைய வீடு, எந்த மூலையும் சரியாக இருக்காது. குறுக்களவு இல்லாவிட்டால் உன் ஆசிரியை மறுபடி பிடித்துக்கொள்வாள். கட்டில் குறுக்கே கிடக்கிறது, அதை நகர்த்த வேண்டும். ஒற்றை ஆளாக நகர்த்த முடியாது என்றில்லை. பியானோவையே நகர்த்திக் கம்பளம் விரித்திருக்கிறேன். இதை நான் தனியாகச் செய்ய மாட்டேன்.

கிளைவ்

*

லீட்ஸ்
12 நவம்பர்

அன்புள்ள கிளைவ்,

நானும் அவனை அடக்கம் செய்த அன்று அழவில்லை. தட்டு தட்டாக சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ என்ன தகப்பன் என்று என்னிடம் கேட்காதே. நல்ல தகப்பன்.

சனிக்கிழமை காலை வண்டியில் வர நினைக்கிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நகர்த்திய கட்டிலை நான் பழைய இடத்தில் திரும்பப் போட மாட்டேன். உன்னையும் போட விட மாட்டேன். அது உன்னால் ஆகாது என்றால், டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒரு வரி எழுது.

உன்,
கேனர்

*

ஆக்ரிங்டன்
14 நவம்பர்

கேனர்,

டிக்கெட் வாங்கு.

கிளைவ்