யாருக்கும் இஷ்டமில்லாத சம்மதம்

எல்ம் க்ரீக், கான்சாஸ்
ஜூன் 29, 1998

அன்புள்ள எல்டா அக்காவுக்கு,

நலமா? நான் நலம், இடுப்பைத் தவிர. அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரர் ரேமண்டுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

வட்டாரத்துச் சபைகளெல்லாம் கூடும் இந்த வருட மாநாட்டுக்கு எங்கள் சபையின் பிரதிநிதி யார் தெரியுமா? நானேதான். என் ஞானத்தைக் கடைசியில் கண்டுகொண்டார்கள் என்று நினைத்துவிடாதே. 'யார் போகிறீர்கள்?' என்று கேட்ட நேரத்தில் ஈயை விரட்டக் கையைத் தூக்கியிருக்கிறேன்.

நிகழ்ச்சி நிரல் வந்தது. வெள்ளி ஆராதனை, சனி காலை வகுப்புகள், மதியம் தீர்மானங்கள். அதில் ஒன்றைப் படித்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். 'சால்ட் ஃபோர்க் சபை தன்னை வட்டாரத்திலிருந்து விடுவிக்கும்படி வேண்டுகிறது. செயலாளர், எல்டா ஷ்ராக்.' போன வாரம் வெள்ளரி ஊறுகாய்ப் பக்குவத்தை இரண்டு பக்கம் எழுதினாயே, இதற்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

அம்மா போன பிறகு நீயும் நானும் பக்கத்தில் நின்று திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குவது இந்த மாநாட்டில் மட்டும்தான். நான் என்ன சொல்லட்டும்? போக விடவா, வேண்டாமா?

உன் தங்கை,
வெர்டா

*

சால்ட் ஃபோர்க்
ஜூலை 6

அன்புள்ள வெர்டாவுக்கு,

எங்களை முன்னிட்டு நீ சங்கடப்பட வேண்டாம். உன் மனம் ஏவுகிறபடி செய். நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்த விரும்பவில்லை.

போதகர் இல்லாமல் இது மூன்றாவது வருடம். சகோதரர் ஆல்வின் பழைய பிரசங்கங்களை எடுத்து வாசிக்கிறார். வட்டார அலுவலகத்திலிருந்து வருடா வருடம் காலண்டர் வருகிறது. நல்ல காலண்டர்தான்.

ஊறுகாயில் உப்பைக் குறைத்துவிடாதே.

அன்புடன்,
எல்டா

*

எல்ம் க்ரீக்
ஜூலை 27

அன்புள்ள அக்கா,

ஏன் ஒரு துண்டு கேக் கூடச் சாப்பிடாமல் கிளம்பிப் போனாய்? எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நடந்ததை என் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்று நீயே சொல்.

காலையில் 'கவனித்துக் கேட்பது எப்படி' என்ற வகுப்புக்குப் போனேன். பாதியில் தூங்கிவிட்டேன். மதியம் எங்களை வட்ட மேசைகளில் உட்கார வைத்து ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்தார்கள். பச்சை சம்மதம், மஞ்சள் தயக்கம், சிவப்பு வேண்டாம். ஒரே ஒரு சிவப்பு எழுந்தாலும் முடிவை நிறுத்திவிட்டு மறுபடி பேச வேண்டும். வாக்கெடுத்தால் தோற்றவர் மனம் நோகுமாம், அதற்காக நம்மவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு.

தலைவர் டெல்பர்ட் வோத் எழுந்தார். "போறோம்னு கேக்கறவங்கள இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கறது அன்பு இல்லீங்க. ஆசீர்வாதம் பண்ணி அனுப்பலாமா?"

பக்கத்தில் இருந்த லியோனா வீபே என் காதைக் கடித்தாள். "அவங்க போறதுல எனக்கு இஷ்டமே இல்லடி."

"அப்ப செவப்பத் தூக்கேன்."

"அவங்களே ஆசப்பட்டுக் கேக்கறாங்க, நான் எப்படிக் குறுக்க நிக்கறது? நீ தூக்கு. உங்க அக்காதான?"

"அதனாலதான் முடியல. அவ பேச்ச நானே நம்பலேன்னு ஆயிடும்."

எதிரில் இருந்த ஹார்லன் பெருமூச்சு விட்டார். "ஏதாச்சும் ஒண்ணத் தூக்குங்கம்மா, காபி ஆறுது."

மஞ்சளைத் தூக்கினேன். சுற்றிப் பார்த்தால் அறை முழுக்கப் பச்சை. நடுவில் நான் மட்டும் பூசணிப் பூ மாதிரி. கை கூசியது. அதை இறக்கிவிட்டுப் பச்சையைத் தூக்கினேன். உடனே எல்லோரும் எழுந்து நாலு குரலில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். நீ பின்வரிசையில் அழுதுகொண்டே பாடினாய். அப்போதும் சுருதி விலகவில்லை.

கேட்டது கிடைத்தவள் ஏன் அழ வேண்டும்?

குழப்பத்துடன்,
வெர்டா

*

சால்ட் ஃபோர்க்
ஆகஸ்ட் 3

வெர்டாவுக்கு,

கேட்டது கிடைத்துவிட்டதே, அதற்குத்தான் அழுதேன்.

எங்களில் ஒருவருக்கும் போக மனமில்லை. ஆல்வின்தான் சொன்னார், "மூணு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. போறோம்னு எழுதிப் பாப்போம், ஏன் போறீங்கன்னு கேக்கவாவது யாராச்சும் வருவாங்க." எழுதினேன். யாரும் வரவில்லை. எங்கள் முடிவை மதிப்பதாக அழகான பதில் வந்தது.

நீ கேட்டபோது நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைத் தடு என்று நானே கேட்டு வாங்கினால் அது என்ன தடுப்பது?

உன் மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அதை இறக்கினாய். உன் மேல் கோபமில்லை. நம் வீட்டில் 'கோபமில்லை' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

எல்டா

*

எல்ம் க்ரீக்
ஆகஸ்ட் 7

அக்கா,

போகாதே. உங்களில் யாரும் போகக் கூடாது. எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. இதை மரியாதையில்லாமல்தான் சொல்கிறேன்.

நேற்று லியோனாவைக் கேட்டேன், அவளுக்கும் இஷ்டமில்லை. ஹார்லனுக்கும் இல்லையாம். டெல்பர்ட் அன்று இரவு சாப்பிடவே இல்லை என்று அவர் மனைவி சொல்கிறாள். அப்படியானால் அந்தப் பச்சையெல்லாம் யாருடைய சம்மதம்? எனக்குத் தலை சுற்றுகிறது.

உன்னிடம் வந்து கேட்டிருக்க வேண்டியவள் நான். இரண்டு மணி நேர வழிதான். வரவில்லை.

வெர்டா

*

சால்ட் ஃபோர்க்
ஆகஸ்ட் 17

அன்புள்ள வெர்டாவுக்கு,

நேற்று ஆராதனை முடிந்ததும் உன் கடிதத்தைச் சபையில் வாசித்தேன். டெல்பர்ட் சாப்பிடாத கதை உட்பட. மன்னித்துக்கொள்.

"இது வட்டாரத்தோட கடுதாசியா?" என்று ஆல்வின் கேட்டார்.

"இல்ல, என் தங்கச்சி எழுதினது."

"நெசமாத்தான் சொல்றாளா?"

"அவ நெசமா சொல்லி நான் பாத்ததில்ல. இது அப்படித்தான் தெரியுது."

அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். "அந்தப் பொண்ணு இவ்வளவு தூரம் வேண்டாம்னு சொல்லுது. அதையும் மீறிப் போனா நல்லாவா இருக்கும்? மரியாத இல்லையே." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசத்தான் நமக்கு வராதே. ஆகவே நாங்கள் போகவில்லை. ஆனால் மாநாட்டில் எங்களை விடுவித்தாகிவிட்டது. உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

வரும் ஞாயிறு அப்பமும் ரசமும் வைத்திருக்கிறோம். ரேமண்டையும் கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நில். வரலாமா என்று மட்டும் வட்டார அலுவலகத்தைக் கேட்டுவிடாதே. கேட்டால் மரியாதையாக ஏதாவது பதில் சொல்லிவிடுவார்கள்.

உன் அக்கா,
எல்டா