வாசலில் கழற்றிய செருப்பு

நைனா,

ஒழுகும் கொட்டகையை ஒழிக்கப் போனேன். பரணிலிருந்த கோணிக்குள் உங்கள் செருப்பு இருந்தது. தோலும் தக்கையும் கலந்த அதே வாசனை. உள்மெத்தையில் உங்கள் பெருவிரல் அழுத்திய பள்ளம் இன்னும் அழியவில்லை. அதில் என் விரலை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை.

சர்க்கரை வியாதியில் உங்கள் பாதம் மரத்துப்போன வருஷம் அது. எங்கள் சித்தூர் ஆந்திராவோடா, மதராஸோடா என்று தெருவெல்லாம் பேச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்துச் செருப்பு செய்து தருகிற ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். அவர் உள்ளங்காலைப் பஞ்சால் தொட்டு, "தெரியுதா பெரியவரே?" என்றார்.

"இன்னும் தொடவே இல்லியே" என்றீர்கள். பஞ்சு உங்கள் காலில்தான் இருந்தது.

பாதத்தில் மை தடவிக் காகிதத்தின்மேல் நிற்க வைத்தார். பாரம் அதிகம் விழுந்த இடம் கருப்பாகத் தெரிந்தது. அந்த இடத்தில்தான் புண் வரும் என்றார். பென்சிலால் பாதத்தைச் சுற்றி அவர் கோடு இழுத்தபோது உங்கள் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊருக்குத்தான் எல்லை போட்டுக்கினு இருக்காங்கன்னா, நீ என் காலுக்கும் போடுறியா?"

"எந்தப் பக்கம் போனாலும் நீங்க நடந்துதானே போவணும்!" என்று அவரும் சிரித்தார்.

மாவுக்கட்டு மாவு வைத்து அச்செடுத்து, தக்கையைச் செதுக்கி, மேலே தோல் ஒட்டிக் கொடுத்தார். நடக்கவிட்டு, கழற்றி, தோல் சிவந்த இடத்தைப் பார்த்து மறுபடி செதுக்கினார். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்படியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். "பழகின பின்னால இது இல்லாம ஒரு அடி வெக்கக்கூடாது" என்றார்.

"கால் தேறிச்சுன்னா புரட்டாசிக்குத் திருப்பதி போய் வந்துடுவேன்" என்றீர்கள்.

பள்ளிக்கூடம் போகாத மகள் நான். பாட்டுப் புத்தகத்தை வைத்துத் நானாகவே எழுத்துக் கூட்டியவள். போட்ட நேரம், கழற்றிய நேரம், சிவப்பு உண்டா இல்லையா என்று நாள் தவறாமல் நோட்டில் எழுதினேன். ஆனால் வாசற்படி வந்ததும் கழற்றச் சொன்னேன்.

"ஒரு அடிகூட வெக்கக்கூடாதுன்னாரே கண்ணு?"

"தோலாச்சே நைனா. சாமி இருக்கிற வீடு."

நீங்கள் கழற்றி வாசலில் விட்டீர்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் வெறுங்கால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெழுகிய தரையில் சிவப்பாக ஓர் அடி. குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த அடியும் சிவப்பு. அதற்கடுத்ததும். என் உடைந்த வளையல் துண்டு உங்கள் காலில் ஏறியிருந்தது. நீங்களோ சர்க்கரை போடாத காபியைத் திட்டிக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

புண் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கியேம்மா. வீட்டுக்குள்ள நடந்த கணக்கு எங்க?"

நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அவ போட்டுக்கோன்னுதான் சொன்னா. நான்தான் கழட்டிப் போட்டுட்டேன். சோம்பேறித்தனம்."

"உங்களுக்கு எத்தினி தடவ சொன்னேன்? சின்னப் புள்ளையா நீங்க?" என்று அவர் பிடித்துக்கொண்டார். நீங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

பாதத்தை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே ஏறியிருந்தது. புரட்டாசிக்கு நீங்கள் இல்லை. உங்களுக்காக நான்தான் மலைக்குப் போனேன். சன்னதியில் கை கூப்பினேன். எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பினேன். பிறகு எல்லையும் முடிவாகி, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அதைக் கேலி பேச வீட்டில் ஆளில்லை.

இன்று அந்தச் செருப்பைத் துடைத்து, வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். விளக்கு எப்போதும்போல்தான் எரிகிறது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

கழற்றச் சொன்னவள் நான், நைனா. அன்று நீங்கள் வாங்கிக்கொண்ட திட்டு என்னுடையது. இத்தனை வருஷமாகியும் அதை உங்களிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை.