நூலகத்து அட்டையில் நம் ஊர்ப் பெரியப்பா

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மனைவி கலைமதி எழுதுவது. நம் மலையூர் வெலிங்டனில் மழை விட்டதா? உங்கள் இருமல்? நான் அமெரிக்காவில் சௌக்கியம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பரிணாமப் பாடம் நடத்தியதற்காக நூறு வருடத்துக்கு முன்பு இங்கே ஒரு வாத்தியார் மேல் வழக்கு நடந்ததே, அப்போது வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் விற்ற பொம்மைகளும் அட்டைகளும் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அதில் ஒன்று, கோட்டுப் போட்ட குரங்கின் புகைப்பட அட்டை. கீழே ‘எங்கள் தாத்தா’ என்று அச்சடித்திருக்கிறது. பட்டியலில் ‘ஆப்பிரிக்கக் குரங்கு’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சீப்பு வைத்து எடுத்த மாதிரி அதே நடுவகிடு! நம் சமையலறைத் தகரக் கூரையின் மேல் குரங்கு வந்து உட்காரும்போது, “கலை, உன்ற பெரியப்பா வந்துட்டாரு, காபி வை” என்பீர்களே, அவர் சாதிதான்.

மேலதிகாரி நம்பவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் விலங்கியல் பேராசிரியரை வரவழைத்தார்கள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தென்னிந்தியக் குரங்குதான் என்று எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்! பட்டியலைத் திருத்தி, அடையாளம் கண்டவர் கலைமதி என்று என் பெயரையும் போட்டாயிற்று.

கோப்பில் வைக்க ஒரு படம் வேண்டும். பெரியப்பா வந்ததும் பக்கத்து வீட்டு விஜயாக்காவை எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் அருகில் நில்லுங்கள், அளவு தெரிவதற்காகத்தான். அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். முகம் தெளிவாக விழ வேண்டும். உங்களுடையதைத்தான் சொல்கிறேன்.

கலை