டர்னிப் இலையில் வெள்ளைப் பொடி

என் செல்ல அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இதைப் பாதி படிக்கும்போதே, "வந்துட்டா துப்பறியறதுக்கு" என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியாததா?

நீ மார்ச்சில் போனாய். செப்டம்பரில் உன் வீட்டுக்காரர் லிவர்மோர் வீட்டின் பின்பக்கம், உன் பாத்தியில் டர்னிப் கிழங்கு விதைத்தார். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத மாமாவுக்கு, அதுவும் வருஷம் இரண்டாயிரம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணுகிற ஒய்டூகே வேலை கழுத்தை நெரிக்கிற நேரத்தில், திடீரென்று தோட்டத்து மேல் என்ன அக்கறை?

உன்னிடம் மறைப்பானேன், குபெர்டினோவிலிருந்து சனிக்கிழமை தவறாமல் மலை ஏறி இறங்கி நான் வந்ததே ஒரு நினைப்போடுதான். உன் பெண் திவ்யாவை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஒன்பது வயதுப் பெண் குழந்தை. மாமாவோ பாதி நாள் ஃப்ரீவேயில், மீதி நாள் மீட்டிங்கில். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "திவ்யாவைப் பாத்துக்கோடி" என்றாயே. அவரை நம்பி விடலாமா கூடாதா என்று ஏன் அக்கா சொல்லாமல் போனாய்?

அதனால் நானே ஒரு பரீட்சை வைத்தேன். மருந்தே படாத மண் உன்னுடையது. காய்கறித் தோலையும் காபிச் சக்கையையும் மக்கவைத்துப் போடுவாய். நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிக் கலைப்பாய். அசுவினிப் பூச்சி வந்தால் ஃபயர்பிளேஸ் சாம்பலைச் சலித்து இலைமேல் தூவுவாய். அந்தப் பாத்தியை அவர் சுத்தமாக வைத்திருந்தால் குழந்தையையும் வைத்துக்கொள்ளட்டும். மருந்து அடித்தாரோ, அன்றைக்கே பெண்ணைக் காரில் ஏற்றிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

கராஜை மோப்பம் பிடித்தேன். புல்தரைக்குப் போடுகிற உரப் பை ஒன்று பாதி காலியாக இருந்தது. வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது என்றார். நான் நம்பவில்லை. டர்னிப்போ மண்ணுக்கு மேலே ஊதாத் தோளைக் காட்டிக்கொண்டு கிண்ணென்று நின்றது. ஒரு இலையில்கூடப் பூச்சி இல்லை. நீ பார்த்துப் பார்த்து வளர்த்தபோதே பாதி இலை ஓட்டையாகத்தானே இருக்கும்?

போன சனிக்கிழமை கையும் களவுமாகப் பிடித்தேன். இலை மேலெல்லாம் வெள்ளைப் பொடி.

"ஏனுங்க மாமா, என்னங்க இது?"

"ஒண்ணுமில்லம்மா. பூச்சிக்குத்தான்."

"மருந்துங்களா? அக்கா பாத்தியிலயா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதாதா? "திவ்யா, துணியெல்லாம் பேக் பண்ணு கண்ணு. சித்தி வீட்டுக்குப் போலாம்" என்று கத்தினேன்.

திவ்யா வெளியே வந்தாள். ஒரு இலையைக் கிள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "ஸ்மெல் இட், சித்தி."

விபூதி வாசனை அடித்தது.

உனக்கு முடியாமல் போனதிலிருந்து ஈரோட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கோயில் பொட்டலம் கொண்டுவந்தார்கள். நானும் கொண்டுவந்தேன். தினமும் உன் நெற்றியில் பூசினோமே, அதில் மிச்சம் ஒரு டிராயர் நிறையக் கிடந்ததாம். குப்பையில் போட மனசு வருமா? கால் படாத இடமாகப் பார்த்துச் செடியில்தான் சேர்க்க வேண்டும். நீ சாம்பல் தூவியது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அப்பாவும் பெண்ணுமாக டீ வடிகட்டியில் சலித்துத் தூவியிருக்கிறார்கள்.

"உங்க அக்காவுக்குத்தான் கேக்கல. இதுக்காச்சும் கேக்குதான்னு பாத்தேன், வசந்தி" என்றார் மாமா.

பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. "டாடி, ஷீ இஸ் சிட்டிங் ஆன் தி டர்னிப்ஸ்" என்றாள் உன் பெண். அவர் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். உன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு டர்னிப் சாம்பார் வைத்தார். உப்பு கூடத்தான். திவ்யா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆனால் ஒன்று மட்டும் மனசு ஆறவில்லை. அந்த விபூதி நிஜமாகவே கேட்டிருக்கிறது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு பூச்சி இல்லை. இலைக்குக் கேட்டது உனக்கு ஏன் கேட்கவில்லை? சாயங்காலம் மூன்று பேருமாக இந்த ஊர்க் கோயிலுக்குப் போனோம். அவர்கள் உள்ளே போனபோது நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். கும்பிட மனசு வரவில்லை.

திவ்யா அவள் அப்பாவிடமே இருப்பாள். இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன், உன்மேல் ஆணை. மாமாவை நம்புகிறேன். எனக்கு இப்போது சந்தேகமெல்லாம் சாமிமேல்தான். நீ அவர் பக்கத்தில்தானே இருக்கிறாய்? ஏன் இப்படிச் செய்தார் என்று எனக்காக ஒரு வார்த்தை கேளேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி