கண்ணைத் திறந்த ஆறு பேர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. மச்சான் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நீ எப்படி இருப்பாய் என்று தெரியும். பெரியம்மா வீட்டில் வேளைக்குச் சாப்பிடு. இங்கே உன் வீட்டுச் சமையலறைக் குழாயை மாற்றிவிட்டேன், இனி ஒழுகாது.

நீ சொன்னபடி அரைநாள் லீவு போட்டுவிட்டு, உன் ராஜினாமாக் கடிதத்தோடு பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியை என்னைப் பேசவே விடவில்லை. "தம்பி, ஒரு அரைமணி நேரம் மூணாங்கிளாஸைப் பாத்துக்குங்க, உங்கக்கா போனதுலேருந்து வேதபாடத்துக்கு ஆளே இல்ல" என்று சாக்பீஸைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவனை வேதபாடத்துக்கு விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஒரு பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். நீ குருவி என்று கூப்பிடுவாயே, அவள்தான். ஏன் தனியாக என்று கேட்டேன். மொத்த வகுப்பும் எழுந்து கோள் சொன்னது. "சார், டீச்சர் வீட்டு சாருக்காக ஜெபம் பண்ணப்ப இவ கண்ணத் தொறந்துட்டா சார். அதான் அவரு செத்துட்டாரு." கண்ணை மூடி முழு மனதோடு கேட்டால்தான் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தது நீதானாம். குருவி மறுக்கவில்லை. "மூக்குல ஈ உக்காந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. போர்டில் மச்சானின் ஈரலை வரைந்தேன். அது எப்படிக் கெட்டுப்போனது, இவள் கண்ணைத் திறப்பதற்கு மூன்று நாள் முன்பே டாக்டர் கைவிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். யார் முகத்திலும் அசைவில்லை. சரியென்று, "இவ கண்ணத் தொறந்ததை யார் யார் பாத்தீங்க?" என்றேன். ஐந்து கைகள் துள்ளி எழுந்தன. "கண்ண மூடிக்கிட்டே எப்படிடா பாத்தீங்க?" என்றேன்.

மடக்கிவிட்ட பெருமையில் நின்றேன், அக்கா. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்வரிசைத் தடியன்தான் முதலில் அழுதான். "அப்ப நாங்களும்தானா சார்?" பிறகு ஐந்து பேரும். ஒரு பழுதைப் பார்க்கப் போனவன், கூட ஐந்தைச் சேர்த்துவிட்டேன். அதெல்லாம் இல்லை என்று தொண்டை வறளக் கத்தியும் கேட்கவில்லை. "அப்ப டீச்சர் ஏன் வரல? எங்க மேல கோவமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

மணி அடித்ததும் ஜெபத்துக்கு எழுந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்து உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். திட்டாதே. ஆஸ்பத்திரியில் ஜெபத்தின் நடுவே கண்ணயர்ந்துவிட்டேன், இனிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதியில்லை என்று எழுதியிருக்கிறாய். நான்கு நாள் தூங்காதவள், பத்து நிமிடம் தூங்கினாய். அக்கா, நான் உன்னை எழுப்பத்தான் வந்தேன். மச்சான்தான் கையைக் காட்டித் தடுத்தார். "அவ தூங்கட்டும்டா, எழுப்பாத" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேசுவார் என்று நினைத்து நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. கொடுத்தே தீருவேன் என்றால் நீயே வந்து கொடு. அதற்கு முன்னால் வகுப்புக்குப் போய், கோபமில்லை என்று அந்த ஆறு பேரிடமும் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, ஜெபமும் வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்பதுதான். வா, அக்கா. என்மேல் கோபம் இருந்தால் அதையும் நேரில் வந்து சொல்.

உன் தம்பி