பாதத்தில் ஒரு முட்டை

3, செவ்வாய்
காலையிலேயே வெயில். வாங்க: கொசுவத்தி, மாதுளை, செல்விக்குத் தட்டைச் செருப்பு. அவளுக்கு மூன்றாம் மாதம்.

எனக்குக் காலை ஏ ஷிப்ட், அவளுக்கு மாலை பி. நான் இறங்கும் ஷேர் ஆட்டோவில்தான் அவள் ஏறுவாள். ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றில். புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில்.

கேன்டீன் டிவியில் பெங்குவின். பெண் முட்டையிட்டு, ஆணின் பாதத்துக்கு உருட்டிவிட்டுக் கடலுக்குப் போகிறது. அப்பன் இரண்டு மாதம் பட்டினி, நின்றபடியே அடைகாக்கிறான். முட்டை பனியில் விழுந்தால் விறைத்துவிடுமாம்.

4, புதன்
ஆட்டோவில் அவள் ஏறும்போது பெங்குவின் கதையைச் சொன்னேன். "அப்ப மிச்ச மாசத்துக்கு நீங்க சுமங்க. நான் கடலுக்குப் போயிட்டு வாரேன்." ஆட்டோவே சிரித்தது. செருப்பு வாங்கியாச்சு, நீல வார்.

வெள்ளி மாலை ஸ்கேன். அவள் லீவு. மூன்று மணிக்கு வந்துவிடுவேன் என்றிருக்கிறேன்.

6, வெள்ளி
எழுத வரவில்லை.

7, சனி
ஆஸ்பத்திரி வராந்தா. மழை.

நேற்று ரிலீவர் வரவில்லை. மாற்று ஆள் வராமல் மெஷினை விட்டு நகரக்கூடாது. "ஆளு வர்ற வரைக்கும் நில்லு பா. லைன் நின்னா நான் இன்னா பதில் சொல்றது?" சூப்பர்வைசர். பெண்டாட்டிக்கு ஸ்கேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி சார் என்றேன். பழக்கம். ஏழு மணி வரை நின்றேன்.

போன் கேட் லாக்கரில். எடுத்தால் பதினோரு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் எடுத்தது வீட்டுக்கார அக்கா: "ரத்தமா போச்சி பா. நீ வருவன்னு ஒக்காந்துகினே இருந்திச்சி. நாங்கதான் இட்டாந்தோம்."

குழந்தை இல்லை.

செல்வி ஒன்றுதான் கேட்டாள். "மூணு மணிக்கு வாரேன்னுதான சொன்னீங்க?"

9, திங்கள்
வாடகை அறைக்கு வந்துவிட்டோம். சீக்கிரம் வந்திருந்தாலும் தங்கியிருக்காது என்றார் டாக்டர். மனசு ஒப்பவில்லை. கேஸ் தீர்ந்தது. மாதுளை அழுகிவிட்டது. குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

12, வியாழன்
மூட்டம். போனில் அந்தப் பெங்குவின் படத்தின் மீதியைப் பார்த்தேன். முட்டையைத் தவறவிட்ட ஒன்று, அதே அளவில் ஒரு பனிக்கட்டியைப் பாதத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றோடு நிற்கிறது. அணைத்துவிட்டேன். செல்வியிடம் சொல்ல மாட்டேன்.

இன்று அவள் வேலைக்குப் போகிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மூன்று மணிக்குச் சரியாக இறங்கினேன். அவள் ஏறினாள். நீல வார்ச் செருப்பு.

ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றில்.